கல்லில் இருக்கும் பட்டத்தையும் ஆட்சியாண்டையும் பலகையிலிருந்து எடுக்காதீர்கள்

கோயில் தகவல் பலகைகளையும் பள்ளி வரலாற்று அட்டவணைகளையும் எழுதும் குழுவினருக்கு,

புதிதாக வைக்கப்போகும் பலகைகளில், சோழ அரசர்கள் மாறிமாறி ஏற்ற கோப்பரகேசரி, கோராசகேசரி ('கோ' என்றால் அரசன்) என்னும் பட்டங்களும் 'யாண்டு' என்று தொடங்கும் ஆட்சியாண்டும் இனி வேண்டாம், அரசன் பெயரும் ஒரு கி.பி. ஆண்டும் போதும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். பொதுமக்களுக்கு எளிதாக இருக்கும் என்பது நீங்கள் சொல்லும் காரணம். கோயில் சுவர்களில் கல்வெட்டுப் படிக்கிற எங்களால் இதை ஏற்க முடியவில்லை.

சோழர் கல்வெட்டு எதிலும் கி.பி. ஆண்டு கிடையாது. அது நாம் பிற்காலத்தில் கணக்கிட்டுப் போட்டது. கல்லில் இருப்பது பட்டமும் ஆட்சியாண்டும்தான். சில இடங்களில் அரசன் பெயரும் இருக்கும், பல இடங்களில் அதுகூட இருக்காது. இருப்பதை எடுத்துவிட்டு நம் கணக்கின் விடையை மட்டும் எழுதி வைத்தால், அந்த விடை தவறு என்று நாளைக்குத் தெரியவந்தாலும் எங்கே தவறியது என்று பார்க்க வழியே இருக்காது.

பட்டம் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்கிறோம். விசயாலயன் பரகேசரி, அவன் மகன் முதலாம் ஆதித்தன் ராசகேசரி, அவன் மகன் முதலாம் பராந்தகன் பரகேசரி, கண்டராதித்தன் ராசகேசரி, அரிஞ்சயன் பரகேசரி, சுந்தர சோழன் ராசகேசரி. இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி வரும் இந்த வரிசை, 13-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் இராசராசன் ராசகேசரியாகவும் மூன்றாம் இராசேந்திரன் பரகேசரியாகவும் ஆண்டு முடிக்கும்வரை தொடர்கிறது. நானூறு ஆண்டு நீண்ட ஒரு மரபு அது.

வரிசை இரண்டு இடங்களில் தடுமாறுவதுபோல் தெரியும். சுந்தர சோழன் ராசகேசரி. அவன் மூத்த மகன் இரண்டாம் ஆதித்தன் பரகேசரி. அடுத்து வந்த உத்தம சோழனும் பரகேசரி. பின்னால் ஒரு நூற்றாண்டு கழித்து இரண்டாம் இராசேந்திரன் பரகேசரி. அவன் மகன் இராசமகேந்திரன் ராசகேசரி. அடுத்து அரியணை ஏறிய வீரராசேந்திரனும் ராசகேசரி. உங்கள் அட்டவணையின் முன்வரைவில் இந்த இரண்டு இடங்களிலும் 'கல்வெட்டுப் பிழை' என்று குறிப்புப் போட்டிருக்கிறீர்கள். பிழை ஏதும் இல்லை. ஆதித்தனும் இராசமகேந்திரனும் மூத்த அரசன் உயிரோடு இருக்கும்போதே முடிசூட்டப்பட்டு, தனியாக ஆளும் முறை வருவதற்கு முன்பே இறந்துபோனவர்கள். அவர்கள் ஏற்றிருந்த பட்டம் அடுத்து வந்தவருக்குப் போயிற்று. யார் இளவரசாக முடிசூடினார், யார் தனியரசராக ஆண்டார் என்ற வேறுபாட்டை இந்தப் பட்டங்களே காட்டிக்கொடுக்கின்றன. வேறு எந்தச் சான்றும் இவ்வளவு சுருக்கமாக அதைச் சொல்வதில்லை. அதைப் போய்ப் பிழை என்று எழுதி வைப்பது வருத்தமாக இருக்கிறது.

உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரத்தில் இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது இரண்டாம் ஆதித்தனை, கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன் உள்ளிட்டோரைக் குறித்து, அவர்களும் உறவினரும் வைத்திருந்த உடைமைகள் பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை அதில் வருகிறது. தொடக்கத்தில் இருப்பது கோராசகேசரி என்னும் பட்டமும் இரண்டாம் ஆட்சியாண்டும் மட்டும். இராசராசன் என்ற பெயர் அந்த ஆண்டுக் குறிப்பில் இல்லை. பிறகு எப்படி இராசராசன் என்கிறோம்? கொலை நடந்தபின் வந்த ராசகேசரியாக இருக்க வேண்டும். சுந்தர சோழனும் ராசகேசரிதான். ஆனால் அவனுடைய இரண்டாம் ஆண்டில் ஆதித்தன் வீரபாண்டியன் தலை கொண்டிருக்கவே முடியாது. உத்தமன் பரகேசரி, அதனால் விலகிவிடுகிறான். மிஞ்சுவது இராசராசன், இரண்டாம் ஆண்டு என்றால் 986-87. முழு வாதமும் ராசகேசரி என்ற அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. "இராசராசன் காலம், கி.பி. 986" என்று மட்டும் பலகையில் இருந்தால், கல்லில் அரசன் பெயரே எழுதியிருக்கிறது என்று படிப்பவர் நம்பிவிடுவார். தமிழ்நாட்டில் இவ்வளவு விவாதம் நடக்கும் ஒரு கல்வெட்டுக்கே இந்தக் கதி என்றால் மற்றவற்றை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது 'மதுரை கொண்ட' என்னும் அடைமொழி. முதலாம் பராந்தகன் "மதிரை (மதுரை) கொண்ட கோப்பரகேசரி". 907-இல் ஆட்சிக்கு வந்தவன். பிற்பட்ட ஆண்டுகளில் "மதிரையும் ஈழமும் கொண்ட" என்று நீள்கிறது. மூன்றாம் குலோத்துங்கனும் பரகேசரிதான். அவனும் "மதுரையும் ஈழமும் பாண்டியன் முடித்தலையும் கொண்டருளிய" என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறான். அவன் ஆட்சி தொடங்கியது 1178. இரண்டு பேருக்கும் இடையே 271 ஆண்டுகள். பிரித்தறிய என்ன செய்கிறோம்? 'கொண்ட' என்று நிற்கிறதா, 'கொண்டருளிய' என்று வருகிறதா என்று பார்க்கிறோம். 'திரிபுவனச் சக்கரவர்த்திகள்' என்ற தொடர் இருக்கிறதா என்று தேடுகிறோம். அது முதலாம் குலோத்துங்கனுக்குப் பிறகு வழக்காகிப்போனது, பராந்தகன் காலத்தில் வராது. பாண்டியன் முடித்தலை வந்தால் ஐயமே இல்லை. பிறகு எழுத்தமைதி, அதாவது எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பது. முன்வரைவில் இந்தத் தொடர்களை எல்லாம் உருக்கி "மதுரையை வென்ற சோழ மன்னன் காலத்தது" என்று ஒரே அச்சில் வார்த்திருக்கிறீர்கள். இப்போது எந்த மன்னன் என்று யார் சொல்ல முடியும்?

இதைவிடக் கடினமானது அடைமொழியே இல்லாத கல்வெட்டு. "கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு 2-ஆவது" என்று மட்டும் இருக்கும். 9, 10-ஆம் நூற்றாண்டு எழுத்தில் இருந்தால் விசயாலயன், பராந்தகன், அரிஞ்சயன், இரண்டாம் ஆதித்தன், உத்தமன் என ஐந்து பேரில் எவராகவும் இருக்கலாம். கொடையாளர் பெயர், அதிகாரியின் பெயர், அதே சுவரில் முன்னும் பின்னும் உள்ள கல்வெட்டுகள், கிரகணமோ நாள்மீனோ (நட்சத்திரமோ) குறிக்கப்பட்டிருந்தால் அது, இவற்றை வைத்துத்தான் சுருக்கிக்கொண்டு வர முடியும். சுருக்க முடியாதபோது சுருக்கக் கூடாது. உங்கள் முறையில் ஒரு பெயரும் ஒரு ஆண்டும் கட்டாயம் என்பதால், எழுதுகிறவர் ஐவரில் ஒருவரைத் தானாகத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். புகழ் பெற்ற பெயர்தான் கைக்கு வரும்.

ஆட்சியாண்டைக் கி.பி. ஆக்குவதில் நடக்கும் தவறுகள் வேறு வகை. முதல் ஆண்டு என்பது பட்டமேற்ற நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. ஆகவே பட்டமேற்ற ஆண்டோடு ஆட்சியாண்டை அப்படியே கூட்டக் கூடாது, ஒன்றைக் கழித்துக் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினாலும் கிடைப்பது அந்த ஆட்சியாண்டு தொடங்கும் கி.பி. ஆண்டுதான், அது அடுத்த ஆண்டின் நடுவரை போகும். இராசராசன் 985 சூன் 25-க்கும் சூலை 25-க்கும் இடையில் பட்டமேற்றான் என்பது வானியல் குறிப்புகளால் வரையறுக்கப்பட்டது. அவனுடைய 25-ஆம் ஆண்டு 1009-இன் நடுவில் தொடங்கி 1010-இன் நடுவில் முடிகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தது அந்த 25-ஆம் ஆண்டின் 275-ஆம் நாள். எண்ணிப் பார்த்தால் 1010 மார்ச்சுக் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் விழும். 25-ஆம் ஆண்டு என்பதை மட்டும் வைத்து 1009 என்று போட்டால் தவறாகியிருக்கும். நாள் கணக்கும் கல்லில் இருந்ததால்தான் 1010 என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. நாள் கணக்கு இல்லாத கல்வெட்டுகளே மிகுதி. அவற்றுக்கு 1009-10 என்று இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

இன்னொரு குழி கூட்டாட்சி. மகனுக்கு உயிரோடிருக்கும்போதே முடிசூட்டி உடன் ஆளவைப்பது சோழர் வழக்கம். மகனுடைய ஆட்சியாண்டு அந்த முடிசூட்டிலிருந்தே எண்ணப்படும், தந்தை இறந்த நாளிலிருந்து அன்று. முதலாம் இராசேந்திரன் ஆண்டுகள் 1012-இலிருந்து எண்ணப்படுகின்றன. இராசராசன் 1014 வரை இருந்தான். இராசாதிராசன் ஆண்டுகள் 1018-இலிருந்து. தந்தை இராசேந்திரன் 1044 வரை இருந்தான். அதாவது இருபத்தாறு ஆண்டுகள் இருவர் பெயரிலும் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் அட்டவணையில் "இராசேந்திரன் 1012–1044, இராசாதிராசன் 1044–1054" என்று கோடு கிழித்தாற்போலப் பிரித்திருக்கிறீர்கள். இதை நம்பி ஓர் ஆசிரியர் இராசாதிராசனின் 32-ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் கணக்கிட்டால் 1075 வரும். இராசாதிராசன் கொப்பத்துப் போரில் இறந்து இருபத்தொரு ஆண்டு ஆகியிருக்கும். முதலாம் குலோத்துங்கன் அரியணையில் இருப்பான். சரியான விடை 1049-50. மாணவர் குழம்பிப்போய்க் கல்வெட்டே பொய் என்று முடிவுகட்டுவார்.

கொப்பம் என்றதும் இன்னொன்று. போர்க்களத்திலேயே இரண்டாம் இராசேந்திரன் முடிசூடினான் என்பதால் அவன் ஆட்சி 1054-இல் தொடங்கியதாகப் போட்டிருக்கிறீர்கள். அவன் ஆட்சியாண்டுகள் 1052-இலிருந்து எண்ணப்படுகின்றன. ஒவ்வொரு கல்வெட்டும் இரண்டு ஆண்டு தள்ளிப்போகும்.

பாண்டியர் கல்வெட்டுகளில் கணக்கு இன்னும் நுணுக்கமானது. அங்கும் மாறவர்மன், சடையவர்மன் என்று பட்டங்கள் மாறி வருகின்றன. முதலாம் இராசேந்திரன் தொடங்கிச் சோழர் தம் இளவரசர்களை மதுரையில் சோழபாண்டியராக அமர்த்தியபோது அவர்களும் இந்தப் பட்டங்களையே ஏற்றார்கள்: சடையவர்மன் சுந்தரசோழபாண்டியன், மாறவர்மன் பராக்கிரம சோழபாண்டியன். பட்டத்தைத் தூக்கிவிட்டால் மதுரை மண்ணின் மரபைச் சோழ இளவரசரே மதித்து ஏற்றுக்கொண்ட செய்தி கண்ணுக்கே படாமல் போகும். ஆண்டுக் கணக்கில் 'எதிர்' என்ற சொல் வரும். "யாண்டு 2-ஆவதின் எதிர் 5-ஆவது" என்றால் இரண்டும் ஐந்தும் சேர்ந்து ஏழாம் ஆண்டு. "2-ஆவதின் எதிராமாண்டு" என்று எண் இல்லாமல் நின்றால் மூன்றாம் ஆண்டு. முன்வரைவில் ஓரிடத்தில் 'எதிர்' என்பதைப் பகைவர் என்று பொருள்கொண்டு "பகைவரை வென்ற ஐந்தாம் ஆண்டு" என்று விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. இதை அச்சேற்றாமல் நிறுத்துங்கள்.

பிற்காலப் பாண்டியரில் ஒரே நேரத்தில் பலர் ஆண்டார்கள். ஐந்து அரசர்கள், உடன்பிறந்தவர்கள் என்று மார்க்கோ போலோவும் எழுதியிருக்கிறார். ஒரே பட்டமும் ஒரே பெயரும் கொண்டவர்கள் அடுத்தடுத்து வருகிறார்கள். மாறவர்மன் சுந்தரபாண்டியன் என்றால் 1216-இல் ஆட்சிக்கு வந்தவனும் உண்டு, 1238-இல் வந்தவனும் உண்டு. சடையவர்மன் சுந்தரபாண்டியன் என்றால் 1251-இல் ஒருவன், 1276-77-இல் இன்னொருவன். கிழமை, திதி, நாள்மீன் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று கணித்துப் பார்த்துத்தான் எந்தச் சுந்தரபாண்டியன் என்று முடிவு செய்கிறோம். அந்தக் குறிப்புகளைத்தான் "பொதுமக்களுக்குத் தேவையற்ற சோதிட விவரம்" என்று நீக்கியிருக்கிறீர்கள்.

எண்களையும் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். ௨௰௫ என்பது இருபத்தைந்து, ௰௨ பன்னிரண்டு, ௨௰ இருபது. ௰ என்பது பத்தின் குறி, சுழியமன்று. அதைச் சுழியமாக எடுத்தால் ௨௰௫ என்பது 205 ஆகிவிடும்; விட்டுவிட்டால் இருபத்தைந்து சரியாக வரும், ஆனால் ௰௨ வெறும் இரண்டாகச் சுருங்கிவிடும்.

பெயர்களையும் பட்டங்களையும் கலந்து எழுதும் சிக்கல் அரச மகளிர் விஷயத்தில் இன்னும் மோசம். உலகமுழுதுடையாள், புவனமுழுதுடையாள், அவனிமுழுதுடையாள் என்பவை தேவியர் வகித்த நிலைகள். தனி ஒருவரின் பிறந்த பெயர் என்று எடுத்துக்கொண்டால் ஒரே அரசி பல அரசர்களின் தேவியாகத் தோன்றுவாள். செம்பியன் மாதேவி என்பதையும் ஒருவருக்கு மேற்பட்டோர் ஏற்றிருக்கிறார்கள். அதனால்தான் கண்டராதித்தரின் தேவியைக் கல்வெட்டு எழுதியவர் "உத்தமசோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடையபிராட்டியார்" என்று மகனைச் சொல்லி அடையாளம் காட்டுகிறார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு கல்லில் வெட்டியவருக்கு இருந்த கவனம் இன்று நமக்கு இருக்க வேண்டாமா? 'மதுராந்தகன்' என்பதும் உத்தம சோழனுக்கும் உண்டு, முதலாம் இராசேந்திரனுக்கும் உண்டு. 'கோனேரின்மைகொண்டான்' என்பது அரச ஆணைகளில் பல மன்னர்கள், சோழரும் பாண்டியரும், பயன்படுத்திய பொதுப்பட்டம். அப்படி ஒரு தனி அரசன் இருந்ததாக ஒரு பலகை எழுதப்பட்டு ஒப்புதலும் பெற்றுவிட்டது.

இறந்த அரசரைக் குறிக்கும் தொடர்களையும் அப்படியே வைத்திருங்கள் ('துஞ்சின' என்றால் இறந்த). தொண்டைமானாற்றூர்த் துஞ்சின தேவர் முதலாம் ஆதித்தன். மேற்கெழுந்தருளின தேவர் கண்டராதித்தன். ஆற்றூர்த் துஞ்சின தேவர் அரிஞ்சயன். பொன்மாளிகைத் துஞ்சின தேவர் சுந்தர சோழன். இறந்த இடத்தையோ சென்ற திசையையோ சொல்லியே ஓர் அரசனை இன்னாரென்று காட்டும் அழகான வழக்கு. ஆனால் 'ஆனைமேல் துஞ்சின' என்பது 949-இல் தக்கோலத்தில் இறந்த இராசாதித்தனுக்கும் வரும், கொப்பத்தில் இறந்த இராசாதிராசனுக்கும் வரும். முன்பின் வரிகளைப் பார்க்காமல் ஒருவரைத் தீர்மானிக்க முடியாது.

வாரிசு முறை பற்றி அட்டவணையின் தலைப்பில் "தந்தைக்குப் பின் மூத்த மகன்" என்று எழுதியிருப்பது நீக்கப்பட வேண்டும். கண்டராதித்தனுக்குப் பின் தம்பி அரிஞ்சயன் வந்தான். அரிஞ்சயன் மகனுக்குப் பின் ஆட்சி கண்டராதித்தன் மகன் உத்தமனுக்குத் திரும்பியது. உத்தமனுக்குப் பின் மீண்டும் சுந்தர சோழன் மகன் இராசராசனுக்கு. முதலாம் இராசேந்திரனின் மக்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராக ஆண்டார்கள். 1070-இல் வந்த குலோத்துங்கன் அந்த இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவியின் மகன், தந்தை வழியில் வேங்கிச் சாளுக்கியன். தொடக்க ஆண்டுகளில் அவன் பெயர் கல்வெட்டுகளில் இராசேந்திரன் என்றே வருகிறது. இரண்டாம் இராசராசன் காலத்தில் நடந்ததைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது: அரசனின் பிள்ளைகளுக்கு ஒரு வயதும் இரண்டு வயதும், ஆகவே கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து விக்கிரம சோழனின் பேரன், நெறியுடைப் பெருமாளின் மகன் எதிரிலிப் பெருமாளைக் கொண்டுவந்து முடிசூட்டினார்கள். அவனே இரண்டாம் இராசாதிராசன். சிறு பிள்ளைகளை அரச அலுவலரான பல்லவராயர் பாதுகாப்பாக ஆயிரத்தளியிலிருந்து இராசராசபுரத்துக்குக் கொண்டுபோன செய்தியும் அதில் இருக்கிறது. ஓர் அரசமாற்றத்தை இவ்வளவு கிட்டத்திலிருந்து பேசும் கல்வெட்டுகள் அரிது. உங்கள் அட்டவணையில் அந்த இடத்தில் தந்தை–மகன் என்று நேர்கோடு போட்டிருக்கிறது.

எங்கள் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு பலகையிலும் கல்வெட்டின் முதல் தொடரை, பட்டம், அடைமொழி, பெயர், ஆட்சியாண்டு, இருந்தால் நாள் கணக்கு உட்பட, கல்லில் உள்ளபடியே முதலில் பொறியுங்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் இன்றைய தமிழில் பொருளும் 1049-50 என்பதுபோல இரட்டை ஆண்டும் கொடுங்கள். கல்வெட்டுகளைப் பட்டியலிடும் ஆண்டறிக்கையில் அதற்குரிய எண்ணைக் கடைசி வரியில் சேருங்கள்; ஐயம் வந்தவர் போய்ப் பார்க்க அது ஒன்று போதும்.

அரசன் உறுதியாகாத இடத்தில் "பரகேசரிப் பட்டம் உடைய அரசர், 10-ஆம் நூற்றாண்டு எழுத்து" என்று எழுதி நிறுத்துங்கள். பெயர் போடச் சொல்லி எழுதுகிறவரை வற்புறுத்தாதீர்கள்.

பள்ளி அட்டவணையில் ஒவ்வோர் அரசனுக்கும் இரண்டு கட்டம் வேண்டும்: ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கிய ஆண்டு ஒன்று, தனியாக ஆளத் தொடங்கிய ஆண்டு ஒன்று. இராசாதிராசனுக்கு 1018, 1044. பட்டத்துக்கு மூன்றாவது ஒரு கட்டம். இரண்டாம் ஆதித்தனையும் இராசமகேந்திரனையும் விட்டுவிடாமல் உள்ளடங்கிய வரிசையாகக் காட்டுங்கள். 'கல்வெட்டுப் பிழை' என்ற குறிப்பை எடுத்துவிடுங்கள். தந்தை–மகன் கோடுகளைச் சகோதரர், சிற்றப்பன் மகன், மகள் வழிப் பேரன் என்று உள்ளபடி மாற்றி வரையுங்கள்.

'எதிர்' விளக்கம், கோனேரின்மைகொண்டான் பலகை, 1054 என்ற இரண்டாம் இராசேந்திரன் தொடக்கம், 1044 என்ற இராசாதிராசன் தொடக்கம், இந்த நான்கையும் அச்சுக்கும் கல்தச்சருக்கும் போகுமுன் திரும்பப் பெறுங்கள். மிச்சமுள்ள முன்வரைவுகளைக் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த இருவர், ஒருவர் படித்ததை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே, மைப்படியோடு (கல்லில் தாள் ஒற்றி மையால் எடுத்த படி) ஒப்பிட்டுப் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். இருவர் வாசிப்பும் வேறுபடும் பலகையை நிறுத்திவையுங்கள். இந்த வாசிப்பு வேலையை ஊதியம் இல்லாமல் செய்து கொடுக்க நாங்கள் முன்வருகிறோம். முன்வரைவுகளையும் மைப்படிகளின் படங்களையும் எங்களுக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்வெட்டு வாசிப்போர்